பாகம் பிரிக்காமல் நிமிர்ந்த ஐ.பி.எம்.

கம்ப்யூட்டர் கம்பெனியின் கதை மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு என்று உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனம் 1911-ல் சில கம்பெனிகள் ஒன்றாக இணைந்து உருவானது. அவற்றுள் ஒன்று, மளிகைக் கடைகளுக்குத் தராசு செய்து விற்றுவந்த கம்பெனி. தராசுத் தொழிலை 1930-களில் விற்றுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1964-ல் அவர்கள் அறிவித்த மெயின்பிரேம் என்னும் பெரிய கம்ப்யூட்டர் வரிசை, கம்பெனியை உலகத்திலேயே முதலிடத்துக்குக் கொண்டுபோனது. வங்கி, விமானக் கம்பெனி, இன்சூரன்ஸ் என்று பெரிய கணக்கு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஐ.பி.எம். எந்திரம்தான். 1980-களின் நடுவில் சம்பளப் பட்டியலில் 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். லாபம் கொழிக்கும் கடையில் கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பத்துக் கதவுகள் முளைத்துவிடும். அங்கேயும் முளைத்தன.

அதற்குள் காலம் மாறியது. மேசையில் வைக்கும் சிறிய கம்ப்யூட்டர் வந்தது. அதை 1981-ல் ஐ.பி.எம்.மும் விற்றது. ஆனால் அதன் மூளையான சிப்பை இன்டெல்லிடமும், அதை இயக்கும் மென்பொருளை மைக்ரோசாப்டிடமும் வாங்கி வைத்து விற்றதால், காலப்போக்கில் கொழுத்த லாபம் அந்த இரண்டு கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. பெரிய எந்திரத்திலோ ஹிட்டாச்சி, அம்டால் போன்றவர்கள் ஐ.பி.எம்.மை விடக் குறைந்த விலைக்குச் சரக்கை இறக்கினார்கள். 1992-ல் நஷ்டம் சுமார் 500 கோடி டாலர்.

அப்போது தலைவராக இருந்த ஜான் ஏக்கர்ஸ் கண்ட வழி, நம் வணிகக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த வழிதான்: பாகப் பிரிவினை. பிரிண்டருக்கு ஒரு கம்பெனி, டிஸ்க்குக்கு ஒன்று, மெயின்பிரேமுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு என்று ஏற்பாடுகள் நடந்தன. பத்திரிகைகளும் அதுதான் சரி என்றே எழுதின. 1993 ஜனவரியில் ஏக்கர்ஸ் விலகுவதாக அறிவித்தார். ஏப்ரல் 1-ம் தேதி பொறுப்புக்கு வந்தவர் லூயிஸ் கெர்ஸ்ட்னர்.

அவர் கம்ப்யூட்டர் தொழிலில் வளர்ந்தவர் அல்ல. பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்.ஜே.ஆர். நாபிஸ்கோவிலிருந்து வந்தவர். இன்று நம் கடைகளில் விற்கும் ஓரியோ பிஸ்கட் அன்று அந்தக் கம்பெனியின் சரக்கு. அதற்கு முன் அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இருந்தார். அங்கே ஐ.பி.எம். எந்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு அம்டால் எந்திரத்தை வைத்ததற்காக, ஐ.பி.எம். ஆள் அந்த இடத்துக்குச் செய்துவந்த பணியையே நிறுத்திக்கொண்ட சம்பவம் அவருக்குத் தெரியும். ஒரு மூட்டையைப் பக்கத்துக் கடையில் வாங்கியதற்காகப் பழைய வாடிக்கையையே முறித்துக்கொண்டதைப் போன்றது அது. அதாவது, இந்தக் கடையின் குறை என்ன என்பதைக் கல்லாவுக்கு வெளியே நின்று பார்த்தவர் கெர்ஸ்ட்னர்.

வந்ததும் அவர் உத்தரவிட்டது இதைத்தான்: மூத்த நிர்வாகிகள் 50 பேரும் மூன்று மாதத்துக்குள் தலைக்கு ஐந்து பெரிய வாடிக்கையாளர்களையாவது நேரில் பார்த்து, என்ன கேட்டார்கள் என்று ஓரிரு பக்கம் எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கைகளைத் தாமே படித்தார். வாடிக்கையாளர்கள் சொன்னதில் முக்கியமானது, இந்த எந்திரம் ஒருவரிடம், அந்த மென்பொருள் இன்னொருவரிடம் என்று வாங்கி, அவற்றைச் சேர்த்து ஓட வைக்க முடியாமல் தவிக்கிறோம் என்பது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரக்கூடிய கடை ஒன்று இருக்கும்போது அதை எதற்காக எட்டாகப் பிரிப்பது? பிரிவினை வேண்டாம் என்று சில மாதங்களுக்குள் முடிவு செய்தார்.

அடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மெயின்பிரேம் விற்பனை 1990-ல் 1,300 கோடி டாலராக இருந்தது. 1993-ல் 700 கோடியைத் தொடாது என்ற நிலை. நஷ்டக் காலத்தில் ஓடுகிற ஒரே சரக்கின் விலையைக் குறைக்க யாருக்கு மனம் வரும்? உயர்ந்த விலையில் இருக்கிற வாடிக்கையாளரைக் கறப்பதே வழக்கம். கெர்ஸ்ட்னர் விலையை வெட்டினார். ஓர் அளவு வேலைத்திறனுக்கு 63,000 டாலராக இருந்தது ஏழே ஆண்டுகளில் 2,500 டாலருக்கும் கீழே வந்தது. இது வெறும் வீறாப்பு அல்ல. மலிவாகச் செய்யக்கூடிய புதிய சிப் முறைக்கு, பணமுடையின் நடுவிலும் முதல் போட்டார்கள். அடக்கவிலை இறங்கும் என்று கணக்குப் பார்த்த பிறகே விற்பனை விலை இறங்கியது.

உள்ளே சண்டை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் தன் பிரிவின் லாபத்தை வைத்தே போனஸ் என்றிருந்ததை மாற்றி, மொத்தக் கம்பெனியின் லாபத்தோடு முடிச்சுப் போட்டார். சேவைப் பிரிவின் ஆட்கள், வாடிக்கையாளருக்குத் தேவை என்றால் போட்டிக் கம்பெனியின் எந்திரத்தையும் சிபாரிசு செய்யலாம் என்றார். சொந்தச் சரக்கை விற்றுவந்தவர்கள் கொதித்தார்கள். அந்தச் சேவைப் பிரிவுதான் 1996-ல் குளோபல் சர்வீசஸ் என்ற பெயரில் தனிப் பலம் பெற்று, கம்பெனியின் வருமானத்தில் பெரும்பங்கு தந்தது.

இதற்கான விலையையும் சொல்லியாக வேண்டும். ஆளை நீக்குவதில்லை என்று பல தலைமுறையாகப் பேர் வாங்கிய கம்பெனி, 1993 ஜூலையில் மேலும் 35,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. 1994 முடிவில் மிஞ்சியவர்கள் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த ஊர்க் கடைத்தெருவும் சேர்ந்தே அடிபட்டது. நிர்வாகம் பற்றிய புத்தகங்கள் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகின்றன.

1993-ல் நஷ்டம் 810 கோடி டாலர். மறு ஆண்டிலேயே சுமார் 300 கோடி டாலர் லாபம். 2002-ல் கெர்ஸ்ட்னர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2005-ல் மேசைக் கம்ப்யூட்டர் தொழில் சீனாவின் லெனோவோ கைக்குப் போனது. சேவைப் பிரிவிலும் ஒரு பெரும்பகுதி, சுமார் 90,000 ஊழியர்களோடு, 2021 நவம்பரில் கிண்ட்ரில் என்ற தனிக் கம்பெனியாகப் பாகம் பிரிந்தது.