தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு

ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தலாகாது என்பதை அறியாத சுகாதார ஊழியர் இல்லை. ஆயினும், கூட்டம் மிகுந்த முகாமில் அறிவு மட்டும் போதுவதில்லை. ஒரு கணம் தவறினும் கல்லீரலைத் தாக்கும் கிருமி ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குச் செல்லக்கூடும்.

ஆகவே, காவற் பொறுப்பு கருவியிடமே விடப்பட்டது. தடுப்பூசிகளுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சையே கையாளவேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 1999இல் கூட்டாக வற்புறுத்தின. 0.5 மில்லி லிட்டர் மருந்தைச் செலுத்தித் தண்டு அடிவரை சென்றதும் உள்ளமைந்த பூட்டு அதனைப் பற்றிக்கொள்கிறது. தண்டு மீண்டும் பின்வாங்காது. இக்கருவிக்குப் பிடிவாதமும் உண்டு. பழைய வழக்கப்படி முதலில் காற்றை இழுத்துப் புட்டியினுட் செலுத்தினால், மருந்தை எடுக்குமுன்பே சிரிஞ்சு வீணாகிவிடும்.

புட்டியின்மேலுள்ள வெப்பங்காட்டும் குறி இவ்வளவு கண்டிப்பானதன்று. வட்டத்தினுள் உள்ள சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டினால் மருந்தை விலக்கவேண்டும். பார்த்து விலக்குவது ஊழியரின் பொறுப்பே. மேலும், அக்குறி வெப்பத்தை மட்டுமே உணரும். உறைந்தால் கெடும் முத்தடுப்பு மருந்து பனிக்கட்டியருகே உறைந்துபோயிருப்பினும் சதுரம் வெளிறியே நிற்கும். உறைந்ததென ஐயம் எழுந்தால், அதே தொகுதிப் புட்டியொன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகியபின் இரண்டையும் குலுக்கி, வண்டல் படியும் வேகத்தை ஒப்புநோக்கவேண்டும்.