மருந்து உண்டவனுக்கு நிழல் எங்கே?

டாக்சிசைக்ளின் மாத்திரை உண்போர் வெயிலைத் தவிர்க்க வேண்டுமாம்! எச்சரிக்கை எழுதியவர் ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்ததில்லை போலும். கும்பப்பூ நடவுக்குக் குனிந்து நிற்கும் பெண்களும், செங்கற்சூளையில் கல் சுமப்போரும் வெயிலைத் தவிர்த்து எங்கே போவது? வெயிலைத் தவிர்த்தால் கூலி போகும். கூலி போனால் உலை ஏறாது.

எச்சரிக்கை பொய்யென்று நாம் சொல்லவில்லை, முற்றிலும் மெய். குருதியில் கலந்த மருந்து தோலின் உயிரணுக்களுக்கும் போய்ச் சேருகிறது. இருளில் இருக்கும்வரை அது சாது. புற ஊதாக் கதிர்களில் நீண்ட அலையுடையவை, அதாவது 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளவை, தோலை ஊடுருவி அதைத் தொட்டதும் கிளர்ச்சி கொள்கிறது. ஏற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. மூச்சுக்கு உதவும் அதே ஆக்சிஜன் வெறிகொண்டு உயிரணுவின் சவ்வைச் சிதைக்கிறது. கிருமிக்கு வைத்த நஞ்சு உழைப்பவன் தோலுக்கே நஞ்சாகிறது! புறங்கை, பிடரி, மூக்கு எல்லாம் சிவந்து எரியும், கொப்புளமும் எழலாம், சிலருக்கு நகமே சதையை விட்டுக் கழலும். ஒரு சிலருக்கே உரிய ஒவ்வாமை அன்று இது. மருந்தும் வெயிலும் போதிய அளவு கூடினால் எவருக்கும் வரலாம்.

ஆரல்வாய்மொழியில் காற்று வேறு ஏமாற்றுகிறது. கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று மேனியைக் குளிர்விக்க, 'வெயில் உறைக்கவில்லையே' என்று எண்ணுகிறான் உழைப்பாளி. உறைப்பது வெப்பம், எரிப்பது புற ஊதாக் கதிர். அக்கதிரைக் காற்று தடுக்காது, மெல்லிய மேகமும் தடுக்காது.

இம்மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1948இல் வெளிவந்த ஆரியோமைசின். அதைக் கண்டெடுத்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். அக்கூடத்திலிருந்தே பின்னர் வந்த டிமெகுளோசைக்ளின், வெயிலில் தோலை வாட்டுவதில் உடன்பிறப்புகளையெல்லாம் விஞ்சிவிட்டது!

அப்படியானால் மருந்தே வேண்டாமா? கூடாது அந்த எண்ணம்! எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நிற்போருக்கு எலிக்காய்ச்சல் வருகிறது; சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி உயிரையே குடிக்க வல்லது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரள அரசு, நீரில் இறங்கியோருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தது. சரியான செயல். கொப்புளம் ஆறிவிடும்; போன உயிர் மீளாது.

நாம் கேட்பது வேறு. மாத்திரை தருபவர் தமிழில் நாலு வார்த்தை சொல்லட்டும். இரவுச் சோற்றோடு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கச் சொல்லட்டும். விழுங்கியவுடன் படுக்கலாகாது, தொண்டைக்குழாய் புண்ணாகும். குருதியில் மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆவதால், மறுநாளும் முழுக்கைச் சட்டையும் பிடரி மறைக்கும் துண்டும் வேண்டும். கொப்புளம் கண்டால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். நாள்தோறும் மாத்திரை உண்ணும் நோயாளிக்கு அது முடியும்வரை கூலி குறையாமல் நிழல்வேலை தர முதலாளி முன்வரட்டும். அதற்கு விதி செய்ய அரசு முன்வரட்டும்.

கடையில் அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் நாலு மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வருவதில்லை. ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் 'வெயில் ஆகாது' என்று தமிழில் அச்சிட என்ன தடை?