‘ஆல்’ எங்கே போனது?

கடந்த வருடம் இரண்டாம் தவணையில், எங்கள் கல்லூரிக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பின் வானொலியைக் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்வேன். ஒரு நாள் இப்படி வாசித்தேன்: “நேற்றிரவு நடத்தப்பட்ட வான் தாக்குதலில் பயங்கரவாத இலக்குகள் பல அழிக்கப்பட்டன. பொதுமக்களுக்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது.”

தடுமாறாமல் வாசித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியோடு மேடையை விட்டு இறங்கினேன். தமிழ் டீச்சர் என்னை அழைத்து, “மகள், ‘ஆல்’ எங்கே போனது?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் செயப்பாட்டு வினைப் பாடத்தை ஞாபகப்படுத்தினார். ‘பூனை பாலைக் குடித்தது’ என்பது செய்வினை. அதையே ‘பால் பூனையால் குடிக்கப்பட்டது’ என்று மாற்றலாம். இங்கே பூனை மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’ ஏற்று நிற்கிறது. இனி அந்தப் ‘பூனையால்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ‘பால் குடிக்கப்பட்டது.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பால் போனது தெரிகிறது, பூனையைத்தான் காணவில்லை. நான் வாசித்த இரண்டு வாக்கியங்களிலும் நடத்தப்பட்ட, அழிக்கப்பட்டன, ஏற்பட்டிருக்கலாம், தெரிவிக்கப்படுகிறது என்று நான்கு வினைகள். ஒன்றில்கூடப் பூனை இல்லை!

அன்றிலிருந்து வான் தாக்குதல்களுக்குப் பின் இராணுவங்கள் வெளியிடும் அறிக்கைகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவற்றில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஆப்கானிஸ்தானில் நடந்தவை. நடந்தது தவறு என்று பின்னர் அமெரிக்க இராணுவமே ஒப்புக்கொண்டவை. ஆகவே யார் சொல்வது உண்மை என்ற வாக்குவாதத்துக்கு இங்கே இடமில்லை. முதலில் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்க்கலாம்.

2015 ஒக்டோபர் 3 அதிகாலை, குந்தூஸ் நகரில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்காவின் ஏசி-130 ரக விமானம் தாக்கியது. நோயாளர்கள், மருத்துவப் பணியாளர்கள், நோயாளரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உறவினர்கள் என்று 42 பேர் உயிரிழந்தனர். மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை அந்த அமைப்பு சில நாட்களுக்கு முன்புதான் மீண்டும் இராணுவத்துக்கு அறிவித்திருந்தது.

அன்று வெளிவந்த முதல் அறிக்கையின் சாரம் இது: படையினரை அச்சுறுத்திய நபர்கள் மீது அமெரிக்கப் படைகள் வான் தாக்குதல் நடத்தின, அத்தாக்குதலினால் அருகிலிருந்த மருத்துவ வசதி நிலையம் ஒன்றுக்குக் ‘கொலட்டரல் டமேஜ்’ ஏற்பட்டிருக்கலாம்.

இதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். ‘நபர்கள்’ என்றால் யார்? ஆயுதம் ஏந்தியவரும் நபர், கட்டிலில் படுத்திருந்தவரும் நபர். ‘மருத்துவமனை’ என்றால் நம் மனதில் வாட்டும் வெள்ளை விரிப்பும் தோன்றும். ‘மருத்துவ வசதி நிலையம்’ என்றால் எதுவுமே தோன்றாது. ‘கொலட்டரல் டமேஜ்’ என்பது பக்கத்தில் இருந்ததற்கு ஏற்பட்ட சேதத்தைக் குறிக்கும். வீடு சேதமாகும், பயிர் சேதமாகும். நோயாளி சேதமானார் என்று யாராவது சொல்வார்களா?

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்திய சொல் ‘அருகிலிருந்த’ என்பதுதான். இராணுவத்தின் சொந்த விசாரணையே பின்னர் கூறியதன்படி, விமானத்தில் இருந்தவர்கள் தாக்க நினைத்தது சுமார் 400 மீற்றருக்கு அப்பால் இருந்த வேறொரு கட்டடத்தை. அதுதான் என்று பிழையாக எண்ணி, மருத்துவமனையையே குறிபார்த்து 211 குண்டுகளைச் சுட்டிருந்தார்கள். வேறெங்கோ விழ வேண்டிய குண்டு தெறித்து மருத்துவமனையில் பட்டுவிடவில்லை. சுடப்பட்டதே மருத்துவமனைதான். ‘அருகில்’ என்ற ஒரே சொல் அதைச் சம்பவத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய மனிதத் தவறு இது என்று ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கத் தளபதி சொல்ல நவம்பர் மாதம் ஆகியது. 2016 ஏப்ரலில் 16 பேர் மீது நிர்வாக ரீதியான ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தார்கள். குற்றவியல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

நன்னூலில் தகுதி வழக்கு மூன்று என்று படித்திருக்கிறோம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். துயரமானதை நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். எங்கள் வீடுகளில் ‘செத்தார்’ என்னாமல் ‘வபாத்தானார்’ என்போமே, அதுபோல. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. இராணுவ அறிக்கைகளில் மூன்றையும் காணலாம். கொல்வதைச் ‘செயலிழக்கச் செய்தல்’ என்கிறார்கள். தேடிய ஆளைக் கொன்றுவிட்டால், ஏதோ லொத்தரில் பரிசு விழுந்ததுபோல ‘ஜக்பொட்’ என்று தமக்குள் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாங்கள் ‘வபாத்தானார்’ என்று சொல்வது இறந்தவரின் குடும்பத்தார் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அறிக்கையில் வரும் மங்கலச் சொல் யாருடைய மனம் நோகாதிருக்க?

இரண்டாவது சம்பவம் 2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்தது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன் விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் பெருந்தொகையான ஆப்கானியர்களும் 13 அமெரிக்கப் படையினரும் கொல்லப்பட்டிருந்தனர். இன்னொரு தாக்குதல் வரும் என்ற பயம் உண்மையானது. அதை மறைத்து எழுதக்கூடாது. அந்நிலையில் வெள்ளை நிற ரொயோட்டா கொரோலா ஒன்றைப் பல மணி நேரம் பின்தொடர்ந்து, அது ஒரு வீட்டு முற்றத்துக்குள் வந்ததும் ட்ரோன் மூலம் ஏவுகணையால் தாக்கினார்கள்.

அன்று வந்த அறிக்கைகளில் ஒரு விடயத்தைக் கவனித்தேன். இலக்கை வெற்றிகரமாகத் தாக்கினோம் என்பதில் ‘நாம்’ உறுதியாக இருக்கிறோம் என்று ஓரிடத்தில் வருகிறது. அடுத்து, வாகனத்திலிருந்து எழுந்த பலத்த இரண்டாம் வெடிப்பு, உள்ளே பெருமளவு வெடிபொருள் இருந்ததைக் காட்டுகிறது என்கிறார்கள். பொதுமக்கள் இறந்ததாகச் செய்திகள் வரத் தொடங்கியதும், அந்த வெடிப்புகள் மேலதிக உயிரிழப்பை ஏற்படுத்தியிருக்கலாம் என்று வருகிறது. வெற்றிக்கு எழுவாய் ‘நாம்’. மரணத்துக்கு எழுவாய் ‘வெடிப்பு’. இம்முறை ‘ஆல்’ தொலையவில்லை, ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள்.

செப்டெம்பர் 1ஆம் திகதி அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் மார்க் மில்லி அதை நியாயமான தாக்குதல் என்று வர்ணித்தார். பின்னர் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையாளர்கள் கண்காணிப்புக் கமராப் பதிவுகளைத் தேடியெடுத்து, காரில் ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கலன்களாகத் தெரிகின்றன என்று காட்டினார்கள். காரை ஓட்டியவர் உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர். செப்டெம்பர் 17 அன்று ஜெனரல் கென்னத் மெக்கென்சி தவறை ஒப்புக்கொண்டார். இறந்த 10 பேரும் பொதுமக்கள். அவர்களில் 7 பேர் சிறுவர்கள். அவ்வருட டிசெம்பரில், இதற்காக எவருக்கும் தண்டனை இல்லை என்று பென்டகன் அறிவித்தது.

தாக்கிய உடனேயே எல்லாம் தெரிந்துவிடுமா என்று வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மேலிருந்து பார்க்கும் கமராவுக்குக் கூரைக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். ‘எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்று சொன்னால் அது நேர்மையான வாக்கியம். ஆனால் அன்று வெடிபொருள் இருந்தது என்பதில் மட்டும் உறுதியும், மனிதர் இறந்தார்களா என்பதில் மட்டும் ‘லாம்’ விகுதியும் வந்தன. இரண்டையும் பார்த்தது ஒரே கமராதானே, வாப்பா?

மொழிபெயர்க்கும்போது இன்னும் கவனம் தேவை. ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராகப் போரிட்ட கூட்டணி, பொதுமக்கள் இறந்ததாக வந்த முறைப்பாடுகளை ‘நம்பத்தக்கது’, ‘நம்பத்தக்கதல்ல’ என வகைப்படுத்தியது. தமிழில் ‘நம்பத்தக்கதல்ல’ என்று வாசித்தால் முறையிட்டவர் பொய் சொன்னார் என்றே காதில் விழும். ஆனால் போதிய தகவல் கிடைக்காத முறைப்பாடுகளும் அதே பெட்டிக்குள்தான் போடப்பட்டன. ‘உறுதிசெய்யப் போதிய தகவல் இல்லை’ என்று எழுதினால் சில சொற்கள் கூடும், அவ்வளவுதான்.

டீச்சர் சொன்னபடி என் செய்திக் கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்தேன்: செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார், சொன்னவர் யார். மூன்றாவது நிரல் எளிதாக நிரம்பிவிடும். முதல் இரண்டும் பல நாட்கள் வெறுமையாகவே கிடந்தன. இந்தத் தவணை செய்தி வாசிக்கும் பொறுப்பு பத்தாம் தரத் தங்கை ஒருவருக்குப் போயிருக்கிறது. கொப்பியைக் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, வெறுமையாக இருக்கிறதையும் வாசிக்க வேண்டுமா?” என்று கேட்டாள். “ஓம், ‘தாக்கியவர் யார் என்று செய்தியில் சொல்லப்படவில்லை’ என்று வாசி” என்றேன். அவள் பேனையை எடுத்து அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.