காலையில் கழுத்து ஏன் திரும்ப மறுக்கிறது?

இரவு நன்றாகத்தான் படுத்தோம். காலையில் யாரோ கூப்பிட, தலை மட்டும் திரும்பவில்லை. உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. உயரமான தலையணையிலோ பேருந்து ஜன்னலிலோ கழுத்து கோணிக் கிடந்தால், தோள்பட்டையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசை இறுகிக்கொள்ளும். கழுத்தெலும்பின் சிறு மூட்டுகள் உறுத்தினாலும் அப்படித்தான்: அசைவைத் தடுக்கத் தசை தானாக விறைக்கிறது.

வெந்நீர் ஒத்தடம், தேவையானால் பாராசிட்டமால், வலி தாங்கும் அளவுக்கு மெல்லத் திருப்பிப் பழகுவது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். தயவுசெய்து சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கக் கொடுக்காதீர்கள். வெடுக்கென்று திருகும்போது, கழுத்தெலும்புத் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனியின் உட்சுவர் கிழியலாம். அதனால் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துக்குப் பின் கழுத்து கோணினால், அது மருந்தின் விளைவு. மருத்துவமனைக்கு உடனே போனால் மாற்று ஊசியில் விரைவாகச் சரியாகும்.

மாதக்கணக்கில் தலை தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கழுத்து டிஸ்டோனியாவாக இருக்கலாம். தசைக்கு மூளை அனுப்பும் கட்டளையில் பிழை. தாடையை விரலால் லேசாகத் தொட்டாலே சிலருக்குத் தலை நேராகிவிடும், பார்க்க வியப்பாக இருக்கும்! இதற்குச் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் ஊசி உண்டு.

காய்ச்சல், கை மரத்துப்போதல், அடிபட்ட வலி என்றால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.