எடை போடாத தங்கம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடியாகிவிட்டது. அங்கே உழைத்தவர்களின் பாட்டையாவது காப்பாற்ற முடியுமா?

பொழுது விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டு டப்பா. வேலை பெங்களூரில். திரும்பி வர இரவாகிவிடும். இவர்களுடைய தாத்தாக்களுக்கு ரயில் தேவைப்படவில்லை. சங்கு ஊதியதும் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. சங்கும் ஓய்ந்தது.

பிறகு 2018-ல் இந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. காரணம் 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடப் படம். ரவி பஸ்ரூரின் அதிரடி இசையோடு அதன் இரண்டாம் பாகம் 2022-ல் வந்தது. 2024-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்', ஜி.வி. பிரகாஷ் குமாரின் இசையில் தங்கவயலின் தொடக்கக் கதையைத் தமிழில் சொல்ல முயன்றது. திரையரங்கை அதிரவைத்த அந்த முரசெல்லாம் சினிமா இசையமைப்பாளர்கள் உருவாக்கியது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் தாங்களாகப் பாடியது என்ன?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட வட ஆற்காட்டுக்குப் போகவேண்டும். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. பாறையை உடைக்க ஆள் வேண்டும். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். நிலமில்லாதவர்கள், பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சுமார் 30,000 பேர் வேலை செய்தார்கள். மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு தமிழ் நகரம் முளைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதன் குணம் மாறவில்லை. கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க.வையும் இந்தியக் குடியரசுக் கட்சியையும் சேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி இது.

வேலை தேடி வந்தவன் வெறுங்கையோடு வந்தாலும் வெறும் காதோடு வருவதில்லை. வட ஆற்காடு தெருக்கூத்துக்குப் பேர்போன சீமை. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மேளம், கல்யாணத்துக்கு ஒரு மேளம், சாவுக்கு ஒரு மேளம் என்று பறைக்குத் தனித்தனி அடி உண்டு. பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. ஒப்பாரி பாடுகிறவள் செத்தவரின் பேரையும் தொழிலையும், அவர் விட்டுப்போன பிள்ளைகளையும் சொல்லித்தான் அழுவாள். பாறை வெடித்துச் சரிந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த ஊரில் ஒப்பாரி என்பது ஒரு விபத்துப் பதிவேடும்கூட.

லைன் வீடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, பங்களாக்களின் பக்கம் வேறு இசை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலிலிருந்து சுரங்க நிபுணர்கள் வந்தார்கள். கார்ன்வால்காரர்கள் உலகில் எங்கே சுரங்கம் தோண்டப் போனாலும் கிறிஸ்துமஸ் கீதங்களையும் எடுத்துப் போனார்கள். தாமஸ் மெரிட் (1863-1908) என்பவர் சிறு வயதிலேயே சுரங்க வேலைக்குப் போய், உடல்நலம் கெட்டு, பிறகு இசை ஆசிரியரானவர். அவர் இயற்றிய கீதங்களைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் செப்புச் சுரங்கங்களிலும் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களிலும் பாடினார்கள். ஒரே சுரங்கத்தில் இறங்கிய இரண்டு கூட்டத்துக்கும் பாட்டுத்தான் ஊர் ஞாபகம். மெரிட்டின் கீதங்கள் அச்சேறின. நம் கிழவிகளின் ஒப்பாரி காற்றோடு போனது.

சுரங்கமும் பாட்டும் சேர்ந்தே இருப்பது உலக வழக்கம். தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதைவிட, கறுப்பினத் தொழிலாளர்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது மலிவாக இருந்தது. பேசத் தடை இருந்த இருட்டில் அந்தப் பூட்ஸைத் தட்டியே ஒருவருக்கொருவர் சைகை செய்துகொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தட்டல் நடனமாகி இன்று உலக மேடைகளில் ஆடப்படுகிறது. அமெரிக்காவில் நிலக்கரித் தொழிலாளியின் மகனான மெர்ல் ட்ராவிஸ், கம்பெனிக் கடையில் அடைபடாத கடனைப் பற்றி 1946-ல் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாடலைப் பதிவு செய்தார். 1955-ல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியபோது அது நாடெங்கும் முணுமுணுக்கப்பட்டது.

சுரங்கம் செத்த பிறகும் இசை பிழைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் கிரைம்தார்ப் கிராமம் சாட்சி. அங்கே நிலக்கரித் தொழிலாளர்கள் 1917-ல் பித்தளை வாத்தியக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். 1992 அக்டோபரில் சுரங்கத்தை மூடும் அறிவிப்பு வந்தது. சில நாட்களில் லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் அந்தக் குழு முதல் பரிசு வாங்கியது. மறு வருடம் சுரங்கம் மூடப்பட்டது. வாத்தியக் குழு மட்டும் மூடவில்லை.

இப்படிப் பிழைத்ததற்குப் பின்னால் மெனக்கெட்டவர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜ் கோர்சன் பென்சில்வேனியாவில் ஒரு சாதாரணப் பத்திரிகை நிருபர். 1920களில் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டைக் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கினார். 1938-லும் 1943-லும் பெரும் தொகுப்புகள் வெளியிட்டார். பிரிட்டனில் ஏ.எல். லாயிட் 1952-ல் நிலக்கரிப் பாடல்களைத் தொகுத்தார். அதே வருடம் ஹியூ டிரேசி, தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்க நடனங்களைப் படங்களோடு புத்தகமாக்கினார்.

கோலாரிலும் கணக்குக்குக் குறைவில்லை. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்று எடை சொல்ல முடிகிறது. தொழிலாளர்களின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது, 1930-ல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கைரேகையை அத்தனை தீவிரமாகக் கேட்ட நிர்வாகத்துக்கு அவர்களுடைய குரலைப் பற்றி அக்கறை எதற்கு?

தொழிலாளர்கள் மட்டும் எழுத்தின் அருமையை அறிந்திருந்தார்கள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்விட்ட இடங்களில் ஒன்று தங்கவயல். அவருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. அவர் காலத்துக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் நடத்தினார். பூமிக்கு அடியில் உழைத்தவர்களின் காசு அதில் உண்டு.

அந்தக் காசு எங்கே போய் முளைத்தது என்று பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முறையாக மேடை ஏறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் கலந்த இசை. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து பிறந்தது அந்தப் பெயர். சுரங்கத் தொழிலாளி சந்தா கொடுத்துக் காப்பாற்றிய சொல், நூறாண்டு கழித்து மின்சார கிட்டாரோடு திரும்பி வந்தது.

ஆனால் பறை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஊர்ச் சாவுக்குக் கட்டாயமாகப் பறை அடிப்பது சாதி இழிவின் அடையாளம் என்று இருபதாம் நூற்றாண்டின் தலித் இயக்கங்கள் பல இடங்களில் அடிக்க மறுத்தன. அந்த மறுப்பு நியாயமானது. 1990களிலிருந்து திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதே பறையைச் சுயமரியாதையின் வாத்தியமாக மேடையில் ஏற்றினார்கள். 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு நிலைப்பாட்டுக்கும் நடுவே வளர்ந்தவர்கள் தங்கவயல் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டைச் சேகரிக்கப் போகிறவர்கள், பாட மறுத்த கதையையும் சேர்த்து எழுதிக்கொள்ளவேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் வயது மட்டுமல்ல. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், சுரங்கத் தொழிலாளர்களைப் பிடித்த நோய். பாடுவதற்கு முதலில் மூச்சு வேண்டும். 1970களில் இருபது வயதில் கூண்டில் ஏறியவர்களுக்கு இன்று ஏறக்குறைய எழுபது வயது ஆகிறது. அவர்களுடைய பிள்ளைகள் பெங்களூர் ரயிலில் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். கேட்க ஆள் இல்லாத பாட்டு, பாடுகிறவரோடு முடிந்துவிடும்.

கோலாருக்கு ஒரு கோர்சன் வேண்டும். கோர்சனுக்கு இருந்த சிரமம் இன்று இல்லை. ஒரு கைபேசி போதும். பாடியவரின் பெயர், பூர்வீக ஊர், வேலை செய்த சுரங்கம், எந்தச் சமயத்தில் பாடியது என்ற நான்கு விவரங்களைச் சேர்த்துவைத்தால் அது ஆவணம். இவை இல்லாவிட்டால் வெறும் ஒலி.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது. தென் ஆப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939-ல் பதிவு செய்த 'ம்புபே' பாடலின் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டார். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய், ஹாலிவுட் வரை கோடிகளைச் சம்பாதித்தது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். வாரிசுகள் வழக்குப் போட்டு, 2006-ல்தான் சமரசம் ஏற்பட்டது.

தங்கவயல்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. தோண்டியவர் ஒருவர், விற்றவர் வேறொருவர். தங்கத்தில் நடந்தது பாட்டிலும் நடக்கக்கூடாது. பதிவு செய்கிறவர் பாடியவரின் பெயரை முதலில் எழுதட்டும்.