மலையேறிய மீன்

பதுளைக்கு வரும் பயணி விடுதி மேசையில் அமர்ந்ததும், கடல் மீன் உண்டா என்று கேட்பது வழக்கம். கடற்கரைக்கு வெகு தொலைவில், ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்த அந்நகரத்தில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உள. பனிக்கட்டியிற் புதைந்து வந்த மீன் ஒன்று. வெயிலில் உலர்ந்து வந்த மீன் மற்றொன்று. மலைநாட்டின் பழைய விடை இரண்டாவதேயாகும்.

புகையிரதம் தோன்றுமுன், தவளம் எனப்பெறும் பொதிமாட்டு வரிசைகளே உப்பையும் கருவாட்டையும் கரையோரங்களிலிருந்து மலைகளுக்குச் சுமந்து சென்றன. இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையையும், முப்பது ஆண்டுகள் கழித்து 1924இல் பதுளையையும் எட்டியது. பனிக்கட்டியிட்ட மீன் மலையேறுவது அதன்பின் எளிதாயிற்று. ஆயினும் அது சென்றடைந்தவை பெரும்பாலும் துரைமார் பங்களாக்களும் விடுதிகளுமே. லயன்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்குக் கடலுணவு என்றால் நெத்திலிக் கருவாடுதான். கொழுந்து பறித்துத் திரும்பும் பெண், கல்லில் ரொட்டி வேகும்போதே வெந்நீரில் அலசிய நெத்திலியை வெங்காயத்தோடும் செத்தல் மிளகாயோடும் வதக்கி எடுத்துவிடுவாள். விறகும் பொழுதும் குறைந்த வீட்டுக்கு இதைவிட ஏற்ற கறி ஏது? இறைச்சி வாங்க இயலாத குடும்பத்துக்குப் புரதமும், முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் இதனாலேயே கிட்டின.

விருந்தினர் மணத்தை வெறுப்பரோ என்றஞ்சி, விடுதிகள் கருவாட்டை மேசைக்குக் கொணரத் தயங்குவதுண்டு. இத்தாலிய நகரமாகிய விசென்சாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. வெனிஸ் நகரத்துக் குவெரீனி என்பார் 1431இல் கிரீட் தீவிலிருந்து திராட்சை மது ஏற்றிச் சென்ற கப்பல் புயலில் அழிந்தது. உயிர் தப்பிய சிலர் 1432இல் நோர்வேயின் லொபோட்டன் தீவுகளில் ஒதுங்கினர். அங்குள்ளோர் மீனை உப்பின்றிக் குளிர்காற்றில் உலர்த்துவதைக் கண்டு குவெரீனி எழுதிவைத்தார். அவர் வழியாகவே அது வெனிஸ் நாட்டை அடைந்தது என்பர்.

வெனிசுக்கு மேற்கே, கடலை விட்டு உள்ளே அமைந்த விசென்சா அம்மீனையே தன் பெருமைக்குரிய உணவாக்கிக்கொண்டது. கட்டைபோல் இறுகிய மீனை அடித்து, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெங்காயம், பால், ஒலிவ எண்ணெய் சேர்த்து, கிளறாமல் சிறுதீயில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேகவிடுவர். உயர்தர உணவகங்கள் அதனைச் சோளமாக் களியுடன் பரிமாறுகின்றன. அயல்நாட்டுப் பயணிகள் நல்ல விலை கொடுத்து உண்கின்றனர். சுவை கூட்டுவதற்கு அதிற் சேரும் உப்பிட்ட சிறுமீனோ, லயன் அடுப்பு நன்கறிந்த நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்தது!

பதுளையில் நல்ல கருவாட்டுக் கறி உண்ண விரும்புவோர் உணவுப் பட்டியலில் அதனைத் தேடுவதைவிடக் காலையிலேயே சமையற்காரரிடம் சொல்லிவைப்பது நலம். நெத்திலிக்கு ஒரு முறை அலசினாற் போதும். கட்டாக் கருவாடு போன்ற பருமனான துண்டுகள் ஊறி, உப்பு இறங்கப் பொழுது வேண்டும்.