பாலேடு கடைசியில்தான்

அமெரிக்க வீடுகளில் குளிர்காலம் பிறந்து, குழந்தைகளில் ஒன்று தும்ம ஆரம்பித்த மாத்திரத்தில் அடுப்பில் ஏறுகிற பதார்த்தம் எது என்று கேட்டால், கோழியும் நூடுல்ஸும் சேர்ந்த சூப் என்றே பலரும் பதில் சொல்வார்கள். அதற்கு இரண்டு ரூபங்கள் உண்டு. எலும்பும் காய்கறியும் வெந்த சாறு பொன்னிறமாகத் தெளிந்து நிற்க, மேலே கொழுப்புத் துளிகள் மினுங்க வருவது ஒன்று. வெண்ணெயும் மாவும் பாலேடும் கூடி, கரண்டியின் முதுகில் மெல்லப் படியும் அளவுக்குத் திரண்டு வருவது மற்றொன்று. இந்த இரண்டாவதைச் செய்யப் புகுகிறவர்களில் பலர், அதன் திரட்சிக்கெல்லாம் பாலேடே காரணம் என்று நம்பி, அதைத் தாராளமாக ஊற்றி, கோழியின் ருசி எங்கோ அடியில் அமிழ்ந்துபோன ஒரு கனத்த திரவத்தைக் கிண்ணத்தில் வார்த்துக்கொள்கிறார்கள். திரட்சியின் பெரும்பங்கு எலும்பிலிருந்தும் மாவிலிருந்தும் வருவது; பாலேட்டின் வேலை, அவ்விரண்டும் முடிந்த பிறகு அவற்றை மிருதுவாக்குவது மாத்திரமே.

கோழிச்சாறு நோயாளிக்கு உகந்தது என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே யூத வைத்தியரும் தத்துவ ஞானியுமான மைமோனிடீஸ் எழுதிவைத்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர்கள் தெளிந்த சாற்றையும் அதில் மிதக்கும் மெல்லிய நூடுல்ஸையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். ஆனால் இறைச்சியோடு பாலைச் சேர்க்கலாகாது என்னும் அவர்களுடைய சமய விதி கோழிக்கும் பொருந்துமாதலால், பாலேடு சேர்ந்த வகை அந்த அடுப்புகளில் பிறந்திருக்க நியாயமில்லை. வெளிறிய சாற்றை வெண்ணெயில் வறுத்த மாவால் திரட்டி ‘வெலுட்டே’ என்னும் குழம்பாக்குவது பிரெஞ்சுக்காரர்களின் நெடுங்கால வழக்கம். முட்டை சேர்த்துப் பிசைந்த அகன்ற நூடுல்ஸோ பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களின் நித்திய உணவு. இவை ஒரே தேசத்தில் அண்டை வீடுகளாக வாழ நேர்ந்தபோது ஒன்றோடொன்று கலந்ததில் ஆச்சரியம் இல்லை. நியூஜெர்சியின் காம்டன் நகரத்துக் காம்பெல் கம்பெனியில் 1897இல் ஜான் டாரன்ஸ் என்னும் ரசாயன நிபுணர் நீரைக் குறைத்துச் சுண்டிய சூப்பை டப்பியில் அடைக்க வழி கண்டார். அதே கம்பெனி 1934இல் கோழி நூடுல்ஸ் சூப்பையும், பாலேடு சேர்ந்த காளான் சூப்பையும் ஒரே வருஷத்தில் கடைக்கு அனுப்பியது. அன்று தொட்டு, டப்பியைத் திறந்து ஊற்றுவதே சமையல் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டதற்கு அந்தச் சௌகரியமும் ஒரு காரணம் என்று சொன்னால் தவறாகாது.

இந்தச் சூப் சளியைத் தீர்க்குமா என்ற விசாரணையும் நடந்திருக்கிறது. நெப்ராஸ்கா சர்வகலாசாலையின் ஸ்டீபன் ரென்னார்ட், கோழிச்சூப் வெள்ளணுக்களின் நடமாட்டத்தை ஓரளவு மட்டுப்படுத்துவதாக 2000இல் பிரசுரித்தார். அது ஆய்வுக்கூடத்தில் கண்டதே தவிர நோயாளிகளிடம் அல்ல. சூடான எதையும் குடித்தால் மூக்கடைப்பு சற்று இளகும் என்பதற்கு மேல் நாம் ஆசைப்பட வேண்டாம்.

இனி அடுப்புக்கு வருவோம். ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒன்று போதும். இளங்கோழியைவிட முதிர்ந்த கோழியே சாற்றுக்கு உத்தமம். அதன் மூட்டுகளிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அதிகம் என்பதும், அது வெந்நீரில் நெடுநேரம் கிடந்தால் ஜெலட்டினாகக் கரைந்து சாற்றுக்கு ஒரு கொழகொழப்பைக் கொடுக்கும் என்பதும் அதற்குக் காரணம். இரண்டரை லிட்டர் குளிர்ந்த நீரில் கோழியை இட்டு, மெல்லச் சூடேற்றி, மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு, ஒரு வெங்காயமும் கேரட்டும் செலரித் தண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்க்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிடுவது பெரும் பிசகு. அப்படிச் செய்தால் கொழுப்பு சாற்றோடு கலங்கிப்போய், நாவில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டும். நீரின் மேற்பரப்பில் ஆங்காங்கே ஒரு குமிழி எழும் நிலையே பதம். சுமார் நாற்பது நிமிஷத்தில் நெஞ்சுக்கறி வெந்துவிடுமாகையால், அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எஞ்சிய எலும்பையும் காலையும் மேலும் ஒரு மணி நேரம் வேகவிடலாம். அந்த நெஞ்சுக்கறியையும் கூடவே கிடக்கவிட்டவர் பஞ்சைத்தான் மெல்ல நேரிடும். வடிகட்டிய சாறு ஒன்றரை லிட்டர் அளவில் நிற்கட்டும்.

அடுத்தது மாவின் முறை. அகன்ற பாத்திரத்தில் 60 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக அரிந்த வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்கி, அதே எடை மைதாவைத் தூவி, பச்சை வாடை நீங்கும் வரையில் இரண்டு மூன்று நிமிஷம் கிளற வேண்டும். மாவின் துகள் ஒவ்வொன்றையும் வெண்ணெய் போர்த்திக்கொள்வதனால், பிறகு சாற்றை விடும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டுவதில்லை. சாற்றைச் சிறிது சிறிதாகவே விட வேண்டும். முதல் இரண்டு கரண்டிக்குப் பின் அது பசைபோல் இறுகும்போது பயந்து ஒரேயடியாக ஊற்றிவிடுகிறவர்களே கட்டிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். கொதி வரும் தறுவாயில்தான் மாவு முழுதும் உப்பித் தன் திரட்சியைக் காட்டும் என்பதால், அதற்கு முன்பே நீர்த்திருக்கிறதென்று மேலும் மாவைச் சேர்ப்பது அவசரபுத்தி. பத்து நிமிஷம் மெல்லக் கொதித்தால் சூப்பின் மேனி வழவழப்பாகிவிடும்.

முட்டை நூடுல்ஸை வீட்டில் செய்வதும் கஷ்டமல்ல: 200 கிராம் மைதா, இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, அழுத்திப் பிசைந்து, அரைமணி மூடி வைத்து, மெல்லியதாகத் தேய்த்து, விரல் அகலத்தில் நறுக்கினால் ஆயிற்று. இதை உப்பிட்ட தண்ணீரில் தனியே வேகவைத்து வடிப்பதே என் கட்சி. சூப்பிலேயே வேகவைத்தால் ருசி ஊறும் என்று வாதிப்பவர்கள் உண்டு. ஊறுவது ருசி மட்டுமல்ல, சாறும்தான் என்பதை மறுநாள் பாத்திரத்தைத் திறப்பவர் கண்டுகொள்வார்.

நெஞ்சுக்கறியை நாராகக் கிழித்து, மற்றக் கறியோடு சூப்பில் சேர்த்து, தீயைத் தணித்த பிறகே பாலேட்டுக்கு வேளை வருகிறது. 150 மில்லி கெட்டிப் பாலேடு போதும். முதலில் ஒரு கரண்டி சூடான சூப்பை அதில் கலந்து வெதுவெதுப்பாக்கி, அதன்பின் பாத்திரத்தில் சேர்ப்பது நல்லது. கொழுப்பு மிகுந்த பாலேடு எளிதில் திரியாது. அதற்குப் பதிலாகப் பாலை விடுகிறவர்கள் மறுபடி கொதிக்கவிடலாகாது. எலுமிச்சம்பழச் சாற்றை விரும்புகிறவர்கள் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளட்டும். பாத்திரத்தில் பிழிந்தால் புளிப்பும் சூடும் கூடிப் பால் திரிந்துவிடக்கூடும்.

மிஞ்சினால் நூடுல்ஸைத் தனியே வைக்க வேண்டும். உறைபனிப் பெட்டியில் வைக்க நினைப்பவர்கள் வடிகட்டிய சாற்றை மட்டும் வைப்பதே உசிதம்; பாலேடு விட்ட சூப் உறைந்து உருகும்போது நீர் வேறு, மாவு வேறாகப் பிரிந்து நிற்கும்.